முப்பத்தொரு மகன்களின் மன்னிப்பு

புத்தகத்தின் பக்க முனையை மடித்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நாற்பது வருடமாகப் புத்தகம் தைக்கிறவன் நான். மடித்த முனையை எத்தனை நீவினாலும் அது பழைய நிலைக்கு வராது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் புத்தகங்களின் விரோதி என்று பல்கலைக்கழக விசாரணைக் குழுவில் உள்ள நீங்கள் யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

என் பெயர் ஞானசிகாமணி. தேனி அல்லிநகரத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கம்பத்துத் திராட்சை வியாபாரிகள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, போடி ஏலக்காய்க் கடைகளின் லேபிள், மலை எஸ்டேட்டுகளின் ஆங்கிலப் படிவம் எல்லாம் எங்களிடம்தான் வரும். பைண்டிங்கும் உண்டு. அச்சுக் கோக்கிற மொக்கைச்சாமி என்னோடு இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துகளின் முகம் மட்டும் தெரியும். ஆகவே அவர்மேல் குற்றம் இல்லை.

என் ஒரே மகன் பொன்னுராஜ் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில். படித்தான். நவீன ஆங்கில நாவல்களில் தலைமுறைகளுக்கு இடையே நடக்கும் மோதல் என்பது அவனுடைய ஆய்வுத் தலைப்பு. 1979 ஜூலையில் ஒரு சனிக்கிழமை வந்தவன், நூலகத்து நாவல் ஒன்றைக் கொடுத்து, "முக்காவாசிதான் படிச்சேன், தையல் விட்டுப்போச்சுப்பா, கொஞ்சம் பாத்துக் குடுங்க," என்றான்.

தைப்பதற்கு முன் படித்துப் பார்ப்பது என் வழக்கம். அகராதியை வைத்துக்கொண்டு பதினொரு நாளில் படித்தேன். இங்கிலாந்தில் ஒரு துணி மில் முதலாளி. அவர் மகன் 212-ஆம் பக்கத்தில், சாப்பாட்டு மேஜையில், உங்கள் தொழில் உங்களோடு, என் வாழ்க்கை என்னோடு என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போகிறான். கடைசி அத்தியாயத்தில் அந்தத் தகப்பன் தனியாக உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார். அதோடு கதை முடிந்துவிடுகிறது.

அந்த வாரம் பொன்னுராஜ் வந்திருந்தபோது, சாப்பாட்டுக்கு நடுவில், "படிப்பு முடிஞ்சதும் டெல்லிக்கு வேலைக்குப் போகப்போறேம்ப்பா. இந்தப் பிரஸ்ஸெல்லாம் எனக்குச் சரிப்படாது," என்றான்.

ஏறக்குறைய 212-ஆம் பக்கம்தான். நான் அவனோடு சண்டை போடவில்லை. ரசம் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். நோய் எங்கிருந்து தொற்றியது என்று தெரிந்துவிட்டது. நோயாளியைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கடைவீதி அடங்கியிருந்த மதிய நேரத்தில், அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து எடுத்தேன். பதினாறு பக்கம். அதே அளவுத் தாளில், அதே பத்துப் பாயிண்ட் எழுத்தில், புதிதாகப் பதினாறு பக்கம் எழுதி அச்சடித்தோம். டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்ததும் தாள் பழசாகிவிட்டது. தைத்து ஒட்டிவிட்டேன். என் அத்தியாயத்தில் மகன் திரும்பி வந்து மில்லின் சாவியை வாங்கிக்கொள்கிறான்.

என்னுடையது கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய ஆங்கிலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அந்த மகன், சுற்றமும் நட்பும் சூழ, தகப்பனாரின் மேலான மன்னிப்பை அன்புடன் வேண்டினான். மேலும், எங்கள் ஆங்கில அச்செழுத்துப் பெட்டியில் 'டபிள்யூ' எழுத்து மிகவும் குறைவு. ஏன், என்ன, எப்போது, யார் என்று ஆங்கிலத்தில் எதைக் கேட்கவும் அந்த எழுத்து வேண்டும். ஆகவே என் அத்தியாயங்களில் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. இது எழுத்துத் தட்டுப்பாட்டால் வந்தது. என் கொள்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அத்தியாயங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆம், ஒன்றோடு நிற்கவில்லை. பொன்னுராஜ், படிப்பதற்கு முன்பே தைத்துத் தரச் சொல்லி, மாதம் மூன்று நாவல் கொண்டுவந்தான். என் தையலைப் பார்த்து நூலகத்தார் தாங்களாகவே ஒரு மூட்டை அனுப்பினார்கள். மொத்தம் முப்பத்தொன்று. ஒரு நாவலில் தகப்பன் எட்டாம் அத்தியாயத்திலேயே இறந்து, அடக்கமும் ஆகிவிட்டிருந்தார். கொஞ்சம் சிரமப்பட்டேன். டாக்டர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு வரி சேர்த்து, அவரை வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தேன். மகன் அவருக்கு ஆவியில் வெந்த வெள்ளைக் கேக் நான்கு பரிமாறினான். இட்லி என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

பிரித்தெடுத்த பக்கங்களையும் வீணாக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பொரிகடலைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி ஜெபராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரத்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளைகளோ. அதுகள ஏன் இங்கன கூட்டியாந்து மன்னிப்புக் கேக்க வைக்கிறீக?"

"அந்த அப்பன்மாருக்கும் பேச ஒரு ஆளு வேணும்ல?"

"பொன்னுராசுகிட்ட, போகாதப்பான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சோலி முடிஞ்சது."

ஜெபராணிக்கு எதையும் சுருக்கிப் பார்க்கிற பழக்கம். முப்பத்தொரு நாவல்களில் நான் விரிவாகச் சொல்லியிருப்பதை ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது?

பலனும் தெரிந்தது. பொங்கலுக்கு வந்த பொன்னுராஜ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்து வருடக்கணக்காகியிருந்தது.

"இதுவரைக்கும் யாருமே கவனிக்காத ஒண்ணக் கண்டுபிடிச்சிருக்கேம்ப்பா. எவ்வளவு சண்ட போட்டாலும் பிள்ளைக எல்லாம் கடைசியில வீட்டுக்கே வந்துர்றாக. ஒரு கேள்விகூடக் கேக்கல. என் ஆராய்ச்சியே இதுதான்."

நான் ஒன்றும் தெரியாதவன் போல், "அப்படியா?" என்றேன். அவன் ஆய்வேட்டை எங்கள் அச்சகத்திலேயேதான் பைண்டிங் செய்தோம். அதில் வெள்ளைக் கேக்கின் குறியீட்டுப் பொருளுக்குத் தனி இயல் ஒதுக்கியிருந்தான். கடைசி அத்தியாயங்களில் ஆங்கிலம் ஒரு மாதிரியாக மாறுவதையும் கவனித்திருந்தான். மனம் திருந்தும்போது மொழிநடையும் பணிவாகிறது என்று எழுதியிருந்தான். படித்து எனக்குக் கண் கலங்கியது. என் எழுத்தை அதற்குமுன் யாரும் இவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர், அந்த மில் முதலாளி நாவலைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறவராம். மகன் திரும்பி வரவே மாட்டானே என்று கேட்டிருக்கிறார். பொன்னுராஜ் தைரியமாகப் புத்தகத்தை எடுத்து நீட்டியிருக்கிறான். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயரும் அல்லிநகரம், தேனி என்ற முகவரியும் இருந்தன. மொக்கைச்சாமி கைப்பழக்கத்தில் கோத்தது. பைண்டிங் செய்தவர் பெயர் என்று பொன்னுராஜ் நினைத்திருக்கிறான். அச்சிட்டவர் பெயர் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை நாங்கள் மீறியதில்லை.

அன்று மாலையே வந்தான். பையிலிருந்த நாவல்களை மெஷின்மேல் ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"நீங்கதானாப்பா?"

"கடைசி அத்தியாயம் மட்டுந்தான்," என்றேன். "மத்ததெல்லாம் அவுக எழுதுனபடியே இருக்கு."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மில்லுக்காரர் கதையப் படிச்சிட்டு ஹாஸ்டல்ல உக்காந்து அழுதேம்ப்பா. அப்பா பாவம், ஊருக்கே போயிருவோம்னு டெல்லி அப்ளிகேஷனக் கிழிச்சுப் போட்டேன்."

எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. இன்னும் நான்கு பக்கம் கூடுதலாக எழுதியிருக்கலாமோ என்றும் தோன்றியது.

"இப்ப என்ன செய்யப்போற?" என்று கேட்டேன்.

"மறுபடியும் போடப்போறேன்," என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிட்டான்.

பொய்யான மேற்கோள்களைத் தந்தான் என்று அவன் பட்டத்தை நீங்கள் நிறுத்திவைத்திருப்பதாக அறிகிறேன். அவனுக்கு எதுவும் தெரியாது. முப்பத்தொரு முடிவுகளையும் மாற்றியவன் நான் ஒருவனே. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். நான் வருத்தப்படுகிறேனா என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பிள்ளையின் நன்மைக்குச் செய்ததில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

அவனும் இப்போது அதைப் புரிந்துகொண்டான். போன வாரம் டெல்லியிலிருந்து அவன் கடிதம் வந்தது. நான்கு பக்கம். எங்களுக்குள் மனத்தாங்கல் இல்லை என்பதற்குச் சாட்சியாக அதை இதோடு இணைத்திருக்கிறேன். முதல் மூன்று பக்கங்களில் வெயிலைப் பற்றியும் அறையைப் பற்றியும் எழுதியிருக்கிறான்; பிறகு என்னைப் பற்றிச் சில கடுமையான வார்த்தைகளும் இருக்கும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். நான்காம் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அப்பா செய்ததுதான் சரி என்றும், அடுத்த மாதமே திரும்பி வந்து பிரஸ்ஸை எடுத்து நடத்துவதாகவும் எழுதியிருக்கிறான்.

அந்தப் பக்கம் மட்டும் அச்சில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவன் கையெழுத்து அங்கே சரியாக விளங்கவில்லை.