பெங்குவின் நடை

முதலில் உங்கள் காலணியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழகான காலணிதான். ஆனால் அடிப்பாகம் வழவழவென்று இருக்கிறது. நீங்கள் காரிலிருந்து இறங்கி இந்தக் கேன்டீன் படி வரைக்கும் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகாலை முதலில் ஊன்றுகிறீர்கள். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் அப்படி நடக்கக் கூடாது. பாதம் முழுவதும் ஒன்றாகத் தரையில் படவேண்டும். அடியைச் சிறிதாக வைக்க வேண்டும். கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பெங்குவின் மாதிரி. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லாரும் சிரிப்பார்கள்.

காலணி கொஞ்சம் நனைந்திருக்கிறது. அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். காப்பியை மெதுவாகக் குடியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. போலீஸ்காரர்கள் எப்போதும் பாதிக் கோப்பையிலேயே எழுந்துவிடுகிறார்கள்.

என் பெயர் என்சியோ. இந்த மரம் அறுக்கும் ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. குளிர்காலம் முழுக்க எல்லாருக்கும் முன்னால் வந்து, முற்றத்திலும் பாதையிலும் படியிலும் பனிக்கட்டி வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவுவேன். காலணிமேல் மாட்டிக்கொள்ளும் முள்பட்டைகளைக் கொடுப்பேன். எப்படி நடப்பது என்று நடந்து காட்டுவேன். அதனால் எனக்குப் பெங்குவின் என்று பெயர். காப்பி நேரத்தில் நான் கோப்பையோடு போனால், பின்னால் வரிசையாக நாலைந்து பேர் கையை விரித்து ஆடி ஆடி வருவார்கள். முன்னால் வருவது எப்போதும் பென்ட்டி, மரக்கட்டை தூக்கும் வண்டி ஓட்டுகிறவன்.

"டேய், பெங்குவினுக்கு ஏலக்காய் ரொட்டி ஆகாதுடா. மீன்தான் திங்கணும்."

"முட்டையைக் காலுக்கு நடுவுல வெச்சிருக்கானா பாரு. குனிஞ்சு பாரு."

நான் கோபித்துக்கொண்டதில்லை. கேன்டீன் ஆலிக்கிதான் கரண்டியை ஆட்டிக்கொண்டு வருவாள். "சிரிங்கடா, சிரிங்க. இடுப்பு உடைஞ்சு கிடந்தா கஞ்சி ஊட்ட நான் வரமாட்டேன்."

மேலாளரை விட்டால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். நான் சொன்னதைக் கேட்டதும் அவள் ஒருத்திதான். காப்பிச் சக்கையைக் கொட்டப் புதர் வரைக்கும் போக வேண்டும், ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை. அதற்கும் உட்கார்ந்து முள்பட்டையை மாட்டிக்கொண்டுதான் போவாள். திரும்பி வந்ததும் கழற்றிக் கதவோரம் ஆணியில் தொங்கவிடுவாள். உள்ளே ஓட்டுத் தரையில் முள் வழுக்கும் என்று நான் போட்ட விதி அது.

எங்கள் மேலாளர் ரைமோவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மோசமான ஆள் இல்லை. போன வசந்தத்தில் பனியெல்லாம் உருகி, முற்றத்தில் கிடந்த பொடிக்கல்லை நான் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தக் குளிர்காலமும் ஒருத்தரும் விழலை, என்சியோ."

"இல்லை."

"அதுக்கு முந்தினதுலயும் விழலை."

"விழலை."

"அப்போ இவ்வளவு கல்லு எதுக்குப்பா? நீதான் எதுக்கு? அடுத்த பனிக்கு ஒரு டிராக்டர்காரனைச் சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ பழையபடி பலகை தரம் பிரிக்கப் போயிடு. எதுக்கும் இந்த வருஷம் பார்ப்போம்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். மருந்து சாப்பிட்டவனுக்குக் காய்ச்சல் வரவில்லை, அதனால் மருந்து வீண் என்கிறார். டிராக்டர்காரன் அவனுக்குத் தோன்றும்போது வருவான். முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவான். படிக்கு யார் தூவுவது? இத்தனை பேருடைய எலும்பும் என் பொறுப்பில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பலகை பொறுக்கப் போக என் மனம் ஒப்பவில்லை.

அதனால் இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், வண்டிக் கொட்டகை பக்கம் ஒரே ஓர் இடத்தில் கல் தூவாமல் விட்டேன். கவனியுங்கள், நான் எதையும் செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒருவர் லேசாக விழுந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு சிராய்ப்பு, ஒரு வீக்கம். அதற்குப் பிறகு ரைமோ அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

பென்ட்டி விழுந்தான். பின்பக்கம் அடிபட, நன்றாகவே விழுந்தான். ஆனால் எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாததா? விழுந்தவன் முதலில் பார்ப்பது கால் இருக்கிறதா என்று இல்லை, யாராவது பார்த்தார்களா என்று. சுற்றிப் பார்த்தான், எழுந்தான், போய்விட்டான். காப்பி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன பென்ட்டி, இப்படிச் சாய்ஞ்சு உக்காந்திருக்க?"

"நாற்காலி கோணல்."

"நேத்து நல்லாத்தானே இருந்தது?"

"நேத்தே கோணல்தான். நீதான் கவனிக்கலை, பெங்குவின்."

அடுத்தது அலுவலக வாசல். அங்கே கல் தூவாமல் விட்டதோடு கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினேன். ரைமோ காப்பிக்கு வந்தபோது தொப்பியிலிருந்து முதுகு, கால்சட்டை வரைக்கும் வெள்ளையாக இருந்தார். உட்கார்ந்து, "பனி பெய்யுது" என்றார். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. "ஆமா, பெய்யுது" என்றான் பென்ட்டி. ஒருவர் விழுந்ததைப் பார்ப்பதே மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விழுந்தவன் எழுந்துகொள்ள முடிந்தால் எங்கள் ஊரில் அது விழுந்ததே ஆகாது. மறைக்க முடியாத இடத்தில், எல்லார் கண்முன்னும் விழ வேண்டும். அப்படி ஓர் இடம்தான் இந்தக் கேன்டீன் படி. இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து முழுதாகத் தெரிகிறது. ஆளும் முக்கியம். யாருக்கும் பிடிக்காதவர் விழுந்தால் அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எல்லாருக்கும் வேண்டியவராக இருக்க வேண்டும்.

நான் ஆலிக்கியைத் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது அவ்வளவு சரியான வார்த்தை இல்லை. யோசித்துக்கொண்டே போனேன், கடைசியில் அவள்தான் மிஞ்சினாள்.

அந்தப் பனிக்கட்டி லேசான பழுப்பாக இருந்தது என்று உங்கள் ஆட்கள் அன்றே கவனித்தது நல்ல கவனிப்பு. காப்பிக் கெண்டியைக் கழுவிய வெந்நீர்தான் அது. வெந்நீர் பரவலாக ஓடி ஒரே மட்டமாக உறையும், கண்ணாடி மாதிரி. படியின் மேல் தட்டில் மட்டும் ஊற்றினேன். அவளுடைய முள்பட்டை என் பையில் இருந்ததையும் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதை நான் திருடவில்லை. முள் மழுங்கிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லித்தான் எடுத்தேன். உண்மையிலேயே மழுங்கித்தான் இருந்தது.

அன்று காப்பி நேரம். எல்லாரும் உள்ளே. ஆலிக்கி சக்கை வாளியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் ஆணியைப் பார்த்தாள்.

"என்சியோ, என் முள்ளு எங்கப்பா?"

"நாளைக்குத் தர்றேன். இன்னைக்கு ஒரு நாள் பெங்குவின் மாதிரி நடந்து போயிடு."

"நீ சொல்லிக்குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மற்றவர்களைப் பார்த்து, "பாத்துக்கோங்கடா, எப்படி நடக்கறதுன்னு" என்று சொல்லிவிட்டுக் கையை லேசாக விரித்து, சின்னச் சின்ன அடியாக வைத்துப் போனாள். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் விளையாட்டாகச் செய்யவில்லை. பாதம் முழுவதும் ஊன்றினாள். உடம்பை முன்னால் சாய்த்திருந்தாள். நான் கற்றுக்கொடுத்தவர்களில் அவ்வளவு சரியாக யாரும் நடந்ததில்லை. முன்னால் சாய்ந்து நடப்பது சமதரைக்கு. படிக்கு அது உதவாது, படியில் பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்து இறங்க வேண்டும். அதை நான் அவளுக்கு இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவள் விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். இந்த ஒன்றை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், அது என் தவறு. பார்த்தவுடனே அத்தனை பேரும் தலையைக் குனிந்து கோப்பைக்குள் பார்த்தார்கள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே வர அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். அது எங்கள் மரியாதை. யாரும் பேசவில்லை. ஸ்பூன்கூட ஆடவில்லை. கோப்பைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பிறகு ஆவி நின்றது. நானும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எவ்வளவு குளிர் என்று அன்று காலை அளந்து பலகையில் எழுதியவன் நான்தான்.

முதலில் எழுந்தது பென்ட்டி. நான் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க எனக்கு எதுவும் இல்லை. "ஆலிக்கி இன்னும் வரலையே" என்றான். அவன் கதவுப் பக்கம் ஓடியபோது, ஓடாதே என்று சொன்னேன். நான் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். உதவிக்குப் போகிறவன் விழக் கூடாது, அது முதல் விதி. பொடிக்கல் வாளியை எடுத்து, முதலில் படியில் தூவினேன். பிறகுதான் அவளிடம் போனேன்.

கோட்டுப் போடாமல்தான் வெளியே வந்திருந்தாள். உதடு நீலமாகிவிட்டது. "ஒண்ணுமில்லைப்பா, இதோ எந்திரிச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய்ப் பார்த்தேன். இடுப்பு கூடும், ஆனால் பழைய மாதிரி நடக்க முடியாதாம். இரண்டு விரல்களைக் குளிர் எடுத்துக்கொண்டது. கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"நான் சரியாத்தானே நடந்தேன், என்சியோ?"

"சரியாத்தான் நடந்த."

"என் கவனக்குறைவுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பெங்குவின் பாடம் படிச்சவளே விழுந்துட்டான்னு உன்னைக் கிண்டல் பண்ணுவானுங்கள்ல. உன் பேரு கெடக் கூடாது."

அதனால்தான் உங்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன். வேறு காரணம் இல்லை. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கற்றுக்கொடுத்த நடையிலும் குற்றமில்லை. பனிக்கட்டி நல்ல பனிக்கட்டி, அவ்வளவுதான். அதைச் செய்தது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது காலையில் ஆலை வாசலில் நின்று பார்த்தால் எல்லாரும் முள்பட்டையோடு, சின்ன அடி வைத்து, கையை விரித்து வருகிறார்கள். பென்ட்டியும்தான். யாரும் சிரிப்பதில்லை. டிராக்டர்காரன் பேச்சே இல்லை. எனக்கு முதுகில் பாதுகாப்பு என்று எழுதிய புது மேலங்கி கொடுத்திருக்கிறார்கள்.

ஆலிக்கிக்குப் பிறகு ஒருவரும் விழவில்லை. அதுதான் எனக்குக் கவலை. நேற்று ரைமோ இந்த ஜன்னல் ஓரம் நின்று அவர்கள் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் நல்லாப் பழகிட்டாங்க, இல்லப்பா?" என்றார். அந்தக் குரலை நான் போன வசந்தத்தில் கேட்டிருக்கிறேன். இன்று காலை போலீஸிலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்று அவர் சொன்னதும் நான் போய்க் கெண்டியைக் கழுவினேன்.

காப்பி முடிந்துவிட்டதா? வாருங்கள், போகலாம், நான் தயார். படியில் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். நீங்கள் ஏறி வந்தபோது அது இன்னும் உறைந்திருக்கவில்லை.