கடல் நாற்காலிக்கு ஒரு ஒட்டு

— சாயங்காலம் காத்து அடிச்சு வச்சா, காலையில சப்பிப் போய்க் கிடக்குதுண்ணே.

— மொதல்ல இது என்னன்னு சொல்லுங்க டெய்லரம்மா. கால் உடைஞ்ச சோபா மாதிரி இருக்கு.

— கடல்ல உக்காந்து மீன் பிடிக்கிற மிதவை. எங்க வீட்டுக்காரர் இதைக் கடல் நாற்காலின்னுதான் சொல்வார்.

— மீட்டர்காரரோடதா...

— அவரோடதுதான். ஆறு நாள் வீடு வீடாத் தண்ணி மீட்டர் பாத்துட்டு, ஏழாவது நாள் தண்ணியவே பாக்கப் போயிடுவார். அவர் போனதுல இருந்து ஒரு வருஷமா அலமாரி மேல கிடந்துச்சு.

— கிடந்துட்டுப் போகட்டுமே. எதுக்கு இறக்கினீங்க? யாராவது கேட்டாங்களா?

— நான்தான் கேட்டேன்.

— புரியல...

— நாளைக்குக் காலையில இதுல நான் போறேன். இடுப்பளவு தண்ணியில பழகினதெல்லாம் போதும். பஞ்சர் ஒட்டிக் குடுங்க.

— ...அந்த லாரி டயர் மேல உக்காருங்க. அதுதான் அழுக்கு கம்மி.

— நிக்கிறேண்ணே. நாள் பூரா மெஷின் முன்னாடி உக்காந்திருக்கிறவளுக்கு நிக்கிறதுதான் சுகம்.

— ஒட்டறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கடலுக்குப் போற சாமான்னு இந்தக் கடைக்கு எதுவும் வந்ததில்ல பாருங்க.

— பஞ்சர்னா எல்லாம் பஞ்சர்தானே?

— ரோட்டுல காத்து போனா வண்டியைத் தள்ளிக்கிட்டு வரலாம். அங்க போனா எதைத் தள்ளுவீங்க?

— அதுக்குத்தானே இதுக்குள்ள...

— சுத்தி ஒரு ட்யூப், முதுகு சாயற இடத்துல தனியா இன்னொண்ணு. ஒண்ணு போனா மத்தது தாங்கும். அதானே?

— இது என்னன்னே தெரியாதுன்னீங்க.

— தடவிப் பாத்தாத் தெரியாதா? முப்பது வருஷமா ட்யூப்பைத் தடவித்தானே சோறு திங்கிறேன். இந்த ஜிப்பு என்ன, நகரவே மாட்டேங்குது?

— உப்பு பூத்துப் போச்சு. வந்ததும் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காய வைக்கணும். கடைசித் தடவை கழுவல. அன்னிக்கு வந்தவருக்குக் கை தூக்கவே தெம்பு இல்ல.

— ஏன், என்னாச்சு?

— நிலத்துல இருந்து கடல் பக்கமாக் காத்து. அந்தக் காத்துக்கு ஒரு குணம் உண்டுண்ணே. கரையோரம் அலையே இருக்காது, தண்ணி கண்ணாடி மாதிரி தெரியும். வா வான்னு கூப்பிடும். இறங்கினா, நம்மளக் கேக்காமலே வெளிய தள்ளிக்கிட்டுப் போயிடும். காலை எவ்வளவு உதைச்சும் அவரால திரும்ப முடியல.

— அப்புறம்?

— பன்னெண்டு மணிக்கு வரேன்னு எழுதி வச்சிருந்தார். பன்னெண்டரை வரைக்கும் பொறுத்தேன். அதுக்கு மேல பொறுக்காதேன்னும் அவர்தான் எழுதியிருந்தார். எங்க இறங்குறேன், எப்ப வருவேன், வரலைன்னா எந்த நம்பர்... ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கும். நான் ஃபோன் பண்ணி, படகுக்காரங்க தேடிப் போய், கட்டி இழுத்துட்டு வந்து சேத்தப்ப மணி மூணரை.

— சீட்டுதான் காப்பாத்தியிருக்கு.

— சீட்டுதான். ஆனா அந்த மூணு மணி நேரம் நான் செத்துப் பொழச்சேன்.

— அப்படிப்பட்ட சமாச்சாரத்துல நீங்க எதுக்கும்மா...

— கேள்வி கேக்காம ஒட்ட மாட்டீங்களா?

— மாட்டேன். என் ஒட்டு மேல உக்காரப் போறீங்க. கேக்க எனக்கு உரிமை இருக்கு. நாளைக்கு எங்க இறங்குவீங்க?

— கல்லு அடுக்கித் தடுத்திருக்கிற குடாவுல. அங்க அலை வராது. அதோட வாய்ப் பக்கம் மட்டும் போகவே கூடாது. தண்ணி வத்துற நேரத்துல அந்த வழியா வெளிய இழுக்கும். நாளைக்கு ஆறரையில இருந்து தண்ணி ஏறுது. ஏறும்போது இறங்கிட்டு, வத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கரையேறிடுவேன்.

— காத்து?

— கரையைப் பாத்து லேசா அடிச்சா போவேன். வெளிய தள்ளுற மாதிரி இருந்தா, தூண்டிலைச் சுருட்டிட்டு வீட்டுக்கு வந்து பாவாடை தைப்பேன்.

— நீச்சல்?

— மூணு மாசமா குளத்துல கத்துக்கிட்டேன். கூடப் படிச்சதுங்க எல்லாம் பல்லு விழுந்த வாண்டுங்க. ஒண்ணு வந்து, ஆன்ட்டி பயப்படாதீங்க, நான் இருக்கேன்னு சொல்லுச்சு.

— அம்பது வயசுல உங்களுக்கு ஒரு துணை.

— அம்பத்தி மூணு. குறைச்சு சொன்னாலும் தையல் கூலியைக் குறைக்க மாட்டேன்.

— சரி, கவுந்துட்டா?

— மூணு ஞாயிறா வேணும்னே கவுந்து கவுந்துதான் பழகினேன். கரையோரம், இடுப்புத் தண்ணியில. இடுப்புல இருக்கிற பக்கிளை ஒரு கையால, கண்ணை மூடிக்கிட்டே அவுக்கத் தெரியணும். எனக்கு அது கஷ்டமா? ஊருக்கே ஹூக் வச்சுக் குடுக்கிறவ.

— ஓட்டை ட்யூப்பை வச்சுக்கிட்டா?

— அரை மணிக்கு ஒரு தடவை பம்ப் அடிச்சேன். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழட்டவே இல்ல. விசிலும் அதுலயே கட்டியிருக்கு.

— ஜாக்கெட் அவரோடதா?

— அவரோடது தொளதொளன்னு இருந்துச்சு. பக்கவாட்டுல பிடிச்சுத் தச்சுக்கலாம்னு கை பரபரத்துச்சு... ஆனா அதுல ஊசி படக் கூடாது. என் அளவுக்குப் புதுசு வாங்கிட்டேன்.

— ஊசி படக் கூடாதுதான். கொஞ்சம் அந்த நுனியைப் பிடிங்க. ட்யூப்பை வெளிய உருவணும். காலுக்கு என்ன போடுவீங்க?

— வாத்துக் கால் மாதிரி ரப்பர் துடுப்பு. அதை மாட்டிக்கிட்டு முன்னாடி நடந்தா மூக்குதான் உடையும். பின்னாடியே நடந்து, தண்ணி முட்டிக்கு மேல வந்ததும் உக்காரணும். உக்காந்து உதைச்சாலும் அது பின்னாடிதான் போகும்.

— அப்ப போறப்ப கரையைப் பாத்துக்கிட்டே போவீங்க.

— ஆமாண்ணே. திரும்பி வர்றப்பதான் கரைக்கு முதுகு. நான் அவர்கூட ரெண்டே தடவைதான் போனேன். என்னைப் பாத்துக்கிட்டே போவார். மூஞ்சி சின்னதாகிக்கிட்டே போகும்... கடைசியில தொப்பி மட்டும் தெரியும். ஆரஞ்சு தொப்பி. படகுக்காரங்க கண்ணுல படணும்னு. அதுவும் பத்திரமா இருக்கு.

— காத்து எவ்வளவு அடிப்பீங்க?

— உங்களுக்கே பாடமா? கல்லு மாதிரி அடிச்சு வெயில்ல வைக்கக் கூடாது. சூட்டுல உள்ள இருக்கிற காத்து பெருத்து வெடிச்சிடும். தண்ணியில இறங்கினதும் குளிர்ந்து தளரும். அப்ப ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டுத்தான் ஆழத்துக்குப் போகணும்.

— பாஸ். முழு மார்க்.

— மார்க் இருக்கட்டும். ஓட்டை எங்கன்னு பாருங்க.

— இந்தா, இங்க.

— தொட்டியில முக்கவே இல்லையே.

— கண்ணு பழகிடுச்சு.

— என்ன கண்ணுண்ணே அது... இருங்க, இருங்க. அது என்ன, மஞ்சளா வட்டம்?

— எங்க?

— நீங்க துணியால துடைக்கிற இடத்துல.

— அழுக்கும்மா. பழைய அழுக்கு.

— துணியில கோடு போடுற சாக்பீஸ் மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியாத சாக்பீஸா?

— உங்க வீட்டு அலமாரியில வேற என்ன கிடக்கும்? உங்க சாக்பீஸ்தான் ஒட்டியிருக்கும். அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுங்க. அது இல்ல, அது சைக்கிளுக்கு. இது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக் ஜாதி. சைக்கிள் சொல்யூஷன் போட்டா உரிஞ்சு வந்துடும். பின்னாடி, பிரிக்காத ட்யூப் ஒண்ணு இருக்கும் பாருங்க.

— இதுவா? மேல தூசி ஒரு விரக்கடை இருக்கு. இதெல்லாம் கூட வச்சிருக்கீங்களா?

— கிடந்துச்சு.

— இந்தத் தெருவுல வேற யாருக்குண்ணே இதுக்கு வேலை?

— கேள்வி கேக்கிறது நான்னு சொன்னேன்ல. பிரிச்சுக் குடுங்க. நல்ல வேளை, உள்ள இறுகாம இருக்கு... ஒட்டிட்டு ராத்திரி பூரா பாரம் வச்சுக் காய விடணும். இன்னிக்குக் கொண்டுபோக முடியாது.

— நாளைக்கு ஆறரைக்கு நான் கடல்ல இருக்கணுமே.

— கரையில யார் இருப்பா?

— யாரும் இல்ல.

— சீட்டு?

— எழுதிட்டேன். எழுதிட்டு, எங்க ஒட்டறதுன்னு தெரியாம நின்னேன். ஃப்ரிட்ஜுல ஒட்டினா ஃப்ரிட்ஜுதான் படிக்கணும். பையிலேயே வச்சிருக்கேன்.

— குடுங்க அதை.

— எதுக்கு?

— குடுங்கம்மா... ஆறரை, குடா, ஒன்பது மணி. ஒன்பதரைக்கு மேல இந்த நம்பர். சரி. நாளைக்குக் கடை லீவு. இதை நானே எடுத்துட்டு வரேன். அங்கேயே காத்து அடிச்சு, அரை மணி நேரம் வச்சுப் பாத்துட்டுத்தான் உங்களை உக்கார விடுவேன்.

— உங்களுக்கு நீச்சல் தெரியுமாண்ணே?

— தெரியாது. ஃபோன் பண்ணத் தெரியும்.

— அது போதும். தண்ணியில குதிச்சுக் காப்பாத்துறேன்னு மட்டும் வந்துடாதீங்க.

— நான் குதிச்சா கடல் வெளிய வந்துடும். இந்த எடையைப் பாருங்க... சரி, ஒட்டியாச்சு. அமுக்கிப் பிடிங்க. ஏதோ தூண்டில் முள்ளு குத்தியிருக்கும்.

— முள்ளு இல்லண்ணே.

— முள்ளுதான். நான் எத்தனை பாத்திருக்கேன்.

— நான் சொல்றதைக் கேளுங்க.

— எதுக்கும்மா இப்ப? அமுக்கிப் பிடிங்க, பேசினா கை தளருது.

— பதினாறாம் நம்பர் ஊசி. என் மெஷின் ஊசி. படகுல இழுத்துட்டு வந்தது ஞாயித்துக்கிழமை. அடுத்த ஞாயிறும் போவேன்னு நின்னார். காத்தைப் பாக்காம இறங்கினது என் தப்புதான், இனிமே பாத்துக்கிறேன்னார். போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த மனுஷனுக்கு இருந்தது அந்த ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை அவர் மீட்டர் பாக்கப் போனதும், மெஷின்ல இருந்து ஊசியைக் கழட்டினேன். ஜிப்பைத் திறந்து, மடிப்பு விழுற இடமாப் பாத்து... ஒரே குத்து.

— சரி விடுங்க.

— சனிக்கிழமை காத்து நிக்கலன்னு தெரிஞ்சதும் இதைத் தோள்ல போட்டுக்கிட்டு எங்கேயோ போனார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, எவ்வளவு தேடியும் ஓட்டை தெரியல, நாளைக்கு வீட்லதான்னார். மறுநாள் காலையில இருந்து எனக்கு பாபின்ல நூல் சுத்திக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தார். இருபத்தெட்டு வருஷத்துல அப்படி உக்காந்ததே இல்ல. மூணு ஊர் கதை பேசினார். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தார். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவர்... எழுந்திருக்கல. அவரோட கடைசி ஞாயித்துக்கிழமையை நான் திருடிட்டேண்ணே. ஏன் காத்து நிக்கலன்னு கூடத் தெரியாமப் போயிட்டார். நாளைக்கு அவர் உக்காந்த இடத்துல உக்காந்து அதையாவது அவர்கிட்ட சொல்லணும். கரையில சொன்னா அவருக்குக் கேக்காது... உங்களைத் தவிர இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஏண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?

— அந்த மஞ்ச வட்டம் ஓட்டைக்கு அடையாளமா நான் போட்டதும்மா. சனிக்கிழமை அவர் தோள்ல போட்டுக்கிட்டு வந்தது இந்தக் கடைக்குத்தான். தொட்டியில முக்கினதும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு, இது முள்ளு இல்ல சார், ஊசின்னேன். தெரியும்ணே, நேத்துல இருந்து மெஷின் ஊசி இல்லாம நிக்குது, என்னைக் கண்டா அவ தலையைக் குனிஞ்சுக்கிறான்னு சிரிச்சார். இந்த ட்யூப்புக்குன்னு தனிப் பசை வேணும், எங்கிட்ட இல்லைன்னேன். வாங்கி வைங்க, அடுத்த வாரம் வரேன்னார், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். சும்மா ஒரு நாளைக்குத் தாங்குற மாதிரி ஏதாவது ஒட்டித் தரட்டுமான்னு கேட்டதுக்கு, வேணாம்ணே, நாளைக்கு நான் வீட்ல இருக்கணும்னு அவளுக்கு ஆசை, கேக்கத் தெரியாம குத்தி வச்சிருக்கா, இருந்துட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனார்.