நல்ல ஜோடி பின்னால்

காபியை முதலில் குடியுங்கள், தம்பி. ஆறிப்போனால் நன்றாக இருக்காது. உங்கள் வண்டியின் வைப்பர் ரப்பர் இடது ஓரத்தில் கிழிந்திருக்கிறது, சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிந்தது. நவம்பரில் அப்படி ஓட்டக் கூடாது. எதிரே வரும் லாரி ஒரு தடவை சேற்றை வாரி அடித்தால் கண்ணாடி முழுக்க மங்கிவிடும். கொட்டகையில் புது ரப்பர் ஒன்று இருக்கிறது, போகும்போது மாட்டித் தருகிறேன்.

நேற்று நீங்கள் போலீஸ் சீருடையோடு இதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். "நிறையப் பேர் பண்ற தப்புதாங்க. எங்கப்பாகூட நல்ல டயரை முன்னாலதான் மாட்டுவாரு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தப்பை நான் செய்ததாக ஊருக்குள் பேச்சு வரும் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இந்த ரைலிக்கு டயர் மாட்டத் தெரியவில்லை என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

என் தங்கை மார்கெத்தாவின் வண்டியை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நான்தான் தயார் செய்வேன். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கினால் பேட்டரியைச் சோதிப்பேன். கண்ணாடி கழுவும் தண்ணீரை வடித்துவிட்டு உறையாத திரவம் ஊற்றுவேன். கதவு ரப்பர்களுக்கு சிலிக்கான் பூசுவேன், இல்லையென்றால் ஈரம் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர்கள். தங்கைக்கு ஜாக்கி எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியாது. காபித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்வதுதான் அவள் வேலை.

"அக்கா, நீ அந்த வண்டியையே கட்டிக்கிட்டுப் போயிரலாம்" என்பாள்.

"கட்டிக்கலாம்டி, அது உன்னை மாதிரி வாயாடாது" என்பேன். அம்மா இறந்த பிறகு எங்கள் இருவருக்கும் வேறு யாரும் கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அவளுக்கும் படவில்லை என்றுதான் இந்த ஜூலை வரை நினைத்திருந்தேன்.

ஏரிக்கரை நடன மேடை உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் அவளை அங்கே நான்தான் கூட்டிப்போவேன். அவள் ஆடுவாள், நான் காபிக் கடை ஓரத்தில் வண்டிச் சாவியோடு நிற்பேன். அன்று, தங்களோடு ஆட ஆண்களைப் பெண்களே தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. மார்கெத்தா மேடையைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரோரம் நின்ற ஒருவர் முன்னால் போய்த் தலை வணங்கினாள். ஓஸ்மோ. கொக்கொலா நகரத்திலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் அவர் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது கீழறையில் தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கிடந்த பலகையில் தடுக்கி விழப்பார்த்தார். "எங்கக்காவுக்கு எதையாவது இடிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா சோறு இறங்காது" என்று மார்கெத்தா சிரித்தாள். அவர் கையை அவள் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அக்டோபரில் டயர் மாற்ற வண்டியைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினேன். அன்று அவரும் வந்திருந்தார். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கொக்கொலாவுக்கே போய்விடப் போவதாக அவள் சொன்னது அப்போதுதான். நான் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். ஓஸ்மோ எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ரைலி, இதையெல்லாம் கடையில குடுத்தா ஒரு நொடியில முடிச்சுருவான். இனிமே இவ வண்டியை நான் பாத்துக்கறேன். நீங்க முதுகை ஒடிச்சுக்க வேண்டாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவை மட்டும் நானே பண்றேன்" என்றேன்.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் டயர்களைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டு போன வருடம் வாங்கியவை, ஆணிகள் கூர்மையாக இருந்தன. மற்ற இரண்டு பழையவை. சட்டத்துக்குப் போதும் என்கிற அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன. நீங்களே அளந்து பார்த்தீர்கள், நான்கில் ஒன்றும் சட்டத்துக்கு விரோதமில்லை. நல்ல ஜோடி பின்னால் போக வேண்டும். எஞ்சின் முன்சக்கரங்களைத்தானே சுழற்றுகிறது, நல்லதை முன்னால் போடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அதுதான் உங்கள் அப்பா செய்கிற தப்பு. முன்னால் இருப்பது ஸ்டியரிங் பிடித்த கைக்கு உடனே தெரியும், வழுக்கினால் ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. வண்டி நன்றாகக் கிளம்பும், நன்றாக நிற்கும், சாலையில் வழுக்கலே இல்லை என்று தோன்றும். பிறகு ஏதோ ஒரு வளைவில் வால் பக்கம் தனியாகப் போய்விடும்.

இந்த வருடம் நல்ல ஜோடியை முன்னால் மாட்டினேன்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு பயம், ஒரு சின்ன எலும்பு முறிவு. கொக்கொலா சாலை குளிர்காலத்தில் எப்படிப்பட்டது என்று அவளுக்குப் புரிந்தால் வசந்தம் வரை தள்ளிப்போடுவாள். வசந்தத்துக்குள் எதுவும் மாறலாம். இந்த வீட்டில் நான் ஒரு குளிர்காலம் தனியாக இருந்து பார்த்ததே இல்லை, தம்பி. மத்தியானம் தாண்டினால் இருட்டு. எதிரே உட்கார்ந்து கிண்டல் செய்ய ஆளில்லாமல் ஒரு தட்டு உருளைக்கிழங்கை நான் எப்படித் தின்பேன்? கெஞ்சியும் பார்த்தேன். மண்டியிட்டு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, எந்திரி, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். அவளும் அழுதாள், ஆனால் போகிறேன் என்பதை மாற்றவில்லை.

மற்றதையெல்லாம் எப்போதும்போல் ஒழுங்காகச் செய்தேன். விளக்குகளைத் துடைத்தேன். டிக்கியில் கிடக்கும் கம்பளியை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி முன் இருக்கையில் கை எட்டும் இடத்தில் வைத்தேன். வண்டி நசுங்கினால் டிக்கி திறக்காது. ஆள் வந்து சேரும் வரை அவளுக்குக் குளிருமே.

இறந்தவர்களை நினைக்கும் எல்லாப் புனிதர் நாளில் அம்மாவின் கல்லறைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒரு வருடமும் தவறியதில்லை. இந்தத் தடவை காலையிலேயே அவள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். கொக்கொலாவில் ஓஸ்மோவின் மனைவியின் கல்லறைக்கு அவரோடு போக வேண்டுமாம். "அம்மாவுக்கு நீயே ஏத்திரு அக்கா. என் பேருக்கும் ஒண்ணு" என்றாள். முந்தின நாள் மழை, விடியலில் உறைபனி. சாலையில் ஐஸ் படிந்திருந்தும் வெறுமனே நனைந்ததுபோல் கருப்பாகத் தெரிந்தது. போகாதே என்று சொல்லலாம் என வாயைத் திறந்தேன். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

நான் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மண்டியிட்டபடி இருக்கும்போது கைபேசி அடித்தது. பைன் மரத்தில் மோதிவிட்டது என்றார்கள். முதுகெலும்பு என்றார்கள். கம்பளி அவள் மேல் போர்த்தியிருந்ததாம், யாரோ ஒரு லாரிக்காரர் போர்த்திவிட்டாராம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நீங்கள் இன்று திரும்பி வந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். காலையில் ஆஸ்பத்திரியில் மார்கெத்தாவே சொன்னாள். "உங்கக்கா டயரைத் தப்பா மாட்டிட்டாங்கன்னு அந்தப் போலீஸ்காரப் பையன் சொல்றான். நான் விட்டேனா? எங்கக்கா செத்தாலும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான்னு சண்டை போட்டேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்காகப் பரிந்து பேசிய பெருமை அவள் முகத்தில் இருந்தது. அப்படியானால் வேறு என்ன என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்துவிட்டீர்கள்.

அவள் சொன்னது சரிதான். தப்பு நடக்கவில்லை. தெரிந்தே மாட்டினேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். இனி நடக்க முடியாது என்பதையே அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஓஸ்மோ தினமும் வந்து அழுகிறார். அவர் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியில்லாத வீடு பார்க்கிறேன் என்கிறார். எல்லா ஆண்களும் முதல் மாதத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கடைசியில் அவள் இங்கேதான் வருவாள், அவளைத் தூக்கி இறக்க என்னைத் தவிர ஆளில்லை. என்னைக் கூட்டிப்போவதாக இருந்தால் இதையும் உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

அறை தயாராக இருக்கிறது. வேண்டுமானால் பாருங்கள், இந்தக் கதவுதான். சக்கர நாற்காலி தாராளமாக நுழையும், வாசலுக்கும் சரிவுப் பாதை போட்டாயிற்று. செப்டம்பரில் கதவை அகலமாக்கும்போது, இது யாருக்கு என்று தச்சர் கேட்டார். வயதானால் யாருக்காவது வேண்டியிருக்கும் என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன், தம்பி.