வத்தையில குடித்தனம்

பாத்து வாங்க நர்ஸம்மா, பலகை வழுக்கும். ஆமா, அஞ்சு வருசமா இந்தப் பாய்மர வத்தைதான் எங்களுக்கு வீடு. காயம் எங்க வீட்டுக்காரவுங்களுக்குத்தான். நங்கூரம் இழுக்கையில கால்ல ஆணி கிழிச்சிருச்சு, நடக்க முடியல. ஊசியா? போடுங்க போடுங்க. கப்பல்ல முப்பது வருசம் சுக்கான் புடிச்ச மனுசன், ஊசிக்கெல்லாம் பயப்பட மாட்டாங்க.

சோறு பொங்குறதா? அந்தா, மண்ணு ரொப்புன பெட்டி, அதுமேலதான் அடுப்பு. தண்ணிக்கு ரெண்டு டிரம்மு. வாடைக்காத்து அடிக்கையில முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள்ள பூந்துக்குவோம். தெக்கேருந்து சோளகக் காத்து கெளம்பிட்டா பாயை ஏத்தி, அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டின்னு கரையோரமாவே போயிக்கிட்டிருப்போம். ஒருக்கா தொண்டியில பாயி கிழிஞ்சு போச்சு. என் பொடவையை ஒட்டுப் போட்டுத் தச்சேன். பூப்போட்ட பாயின்னு கரையில அத்தனை சனமும் சிரிச்சிச்சு.

ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? இப்ராஹிமுக்குக் கடல் பைத்தியம், ரிட்டையர் ஆயும் விடல, பாவம் ஜன்னத்து, அதையும் இழுத்துக்கிட்டுத் திரியிறாருன்னு. நானும் ஆமாம்னு தலையாட்டிக்குவேன்.

வழியில ஆசுபத்திரி இல்லாம இல்லம்மா, அதிராம்பட்டினத்துலயே கட்டுப் போட்டிருக்கலாம். நான்தான் கோடியக்கரைக்கு விடுங்கன்னேன். நீங்க இளையபெருமாள் மக அம்சந்தானே? இங்கதான் வேலைன்னு காதுல விழுந்துச்சு. என்னையத் தெரியலையா? முத்துப்பேட்டை ஜன்னத் பீவி. சின்னப்புள்ளையில எங்க வரப்புல நண்டு புடிச்சுக்கிட்டுத் திரிவீங்களே.

உக்காருங்க, போயிறாதீங்க. அந்த மூணு மா நெலத்தை இவுங்க கப்பலுக்குப் போறப்ப உங்கப்பாகிட்டதான் குத்தகைக்கு விட்டுட்டுப் போனாங்க. எழுத்து கிழுத்தெல்லாம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தவங்க. அப்புறம் கலைஞர் ஆட்சியில, குத்தகைக்காரங்க பேரைப் பதியணும்னு சட்டம் வந்துச்சில்ல? பக்கத்து வயக்காரரு பஞ்சநதம் வந்து பயமுறுத்துனாரு. பேரு ஏறிட்டா நெலம் திரும்பாது, புருசன் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவேன்னு.

ஆபீசரு வரப்புல நின்னு கேக்குறாரு, இது யாரு சாகுபடின்னு. உங்கப்பா முழங்கால் சேத்தோட, கையில மம்பட்டியோட நிக்கிறாரு. எங்க சாகுபடிதான், இவரு கூலிக்கு வர்ற ஆளுன்னு சொல்லிட்டேன்.

அவரு என்னையப் பாத்தாரு. மம்பட்டியை வாய்க்கால்ல அலசிக்கிட்டுக் கரையேறிப் போயிட்டாரு. அடுத்த நடவுக்கு வேற ஆளு. உங்கம்மா கண்ணாத்தா எங்க தெரு வழியாத்தான் கூலிக்குப் போகும். சொகமா இருக்கீங்களாம்மான்னு தெனமும் கேக்கும். அது வர்ற நேரம் பாத்து நான் கொல்லைக்குப் போயிருவேன். எத்தனை வருசம் ஒளியிறது?

கடல் பைத்தியமெல்லாம் ஒண்ணும் கெடையாது. இவுங்க ரிட்டையர் ஆயி வந்தது வயல்ல எறங்கத்தான். நான்தான் நெலத்தை வித்துப்புடுவோம், வத்தை வாங்குவோம்னு சோறு திங்காமக் கெடந்து இங்க இழுத்துக்கிட்டு வந்தேன்.

உங்கப்பா உங்ககிட்ட என்ன சொன்னாரு? முடியல, நானே விட்டுட்டேன்னுதானே?

தெரியும். எல்லார்கிட்டயும் அப்புடித்தான் சொன்னாரு. இவுங்களுக்கும் அப்புடியே கடுதாசி எழுதுனாரு. கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சேன், பாதியில வுட்டுட்டுப் போயிட்டானேன்னு இவுங்களுக்கு ஆத்திரம். உங்கப்பா செத்தப்போ இவுங்க எட்டிக்கூடப் பாக்கல. அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்து மீன் அரிஞ்சுக்கிட்டிருந்தேன். வாயத் தொறக்கல.

என்னம்மா?

இல்ல, இவுங்க தூங்கல. கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்காங்க. அவுங்களுக்கும் இன்னைக்குத்தான் தெரியுது.