முந்தின நாள் ரத்தம்

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். நல்ல பழக்கம். எங்கள் ஆய்வகத்தில் வெந்நீரைக் காட்டி டீ என்பார்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.என்.ஏ. என்றால், இன்ன புரதம் செய் என்று உடம்புக்குள் போகும் சீட்டு. அதில் சில வகை எந்தப் புரதத்துக்கும் சீட்டு இல்லை. வெட்டி என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பார்த்தால், செங்கல் தொடாத மேஸ்திரி மாதிரி, மற்றவர்களை வேலை செய்யச் சொல்வதும் நிறுத்துவதும் அதுதான். அதில் ஒன்று, வலிப்புக்கு முந்தின நாள் ரத்தத்தில் ஏறுகிறது என்பது என் கணிப்பு. நிரூபித்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

தொல்லை ஒன்றே ஒன்று. வலிப்பு என்றைக்கு வருமென்று தெரிந்தால்தானே முந்தின நாள் ரத்தம் எடுக்க முடியும்?

துடியலூர் அன்புக்கரசி எங்கள் ஆய்வில் சேர்ந்தவர். வீட்டிலேயே துணி தைப்பார். மூன்று வருடமாக வலிப்பே இல்லை, அந்தத் தைரியத்தில் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். வலிப்பு மாத்திரை நாங்கள்தான் இலவசமாகக் கொடுத்துவந்தோம். போன மாதம் அந்த டப்பாவில் கால்சியம் மாத்திரை போட்டுக் கொடுத்தேன். எலும்புக்கு நல்லதுதான்.

"ஏனுங்க சார், மாத்திரை வேற மாதிரி இருக்குதுங்களே?" என்று போனில் கேட்டார்.

"கம்பெனி மாத்திட்டாங்க அம்மணி. பயப்படாம சாப்புடுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க சார்."

எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அலைய விடக்கூடாதென்று தினமும் நானே வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். சனிக்கிழமை ரத்தத்தில் அந்த ஆர்.என்.ஏ. அளவு இரண்டு மடங்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிறு வலிப்பு வரும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய மாத்திரையைத் தேடிப் போவார், ஆய்வு கெட்டுவிடும்.

ஞாயிறு காலை, மேட்டுப்பாளையம் சாலையில், ஸ்கூட்டரில் போகும்போதே வந்தது. பின்னால் பஸ். அவர் கணவர் பாலுசாமி எனக்குத்தான் முதலில் போன் செய்தார்.

"திடீர்னு வந்துபோச்சுங்க சார்," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

ஆனால் திடீரென்று வரவில்லை, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நோட்டைப் பாருங்கள். ஞாயிறு என்று எழுதியிருக்கிறேன், ஞாயிறே வந்தது. இனி யாரும் இப்படி எதிர்பாராமல் சாக வேண்டியதில்லை.