ஆடாத தூண்

— மாடிப்படிக் கைப்பிடித் தூணை விட்டுடாதீங்க அண்ணி. நான் பலகைத் தரைக்கு அடியில தவழ்ந்துதான் போகணும். சத்தமாப் பேசுங்க, இல்லேன்னா காதுல விழாது.

— கட்டிப் பிடிச்சுட்டுதான் நிக்கிறேன் மெர்வ். பாத்துப் போ, உள்ள சிலந்தி இருக்கும்.

— சிலந்திதான் என்னைப் பாத்து ஓடணும். ஆமா, ஊருக்கெல்லாம் படிக்கட்டு போட்ட மனுஷன், சொந்த வீட்டுத் தூணுக்கு ஆணியை அடிச்சு அப்படியே விட்டிருக்காரே உங்க வீட்டுக்காரர்! பால்பல்லு மாதிரி ஆடிச்சு.

— இந்த லான்செஸ்டன் ஊர்ல எந்தத் தச்சன் வீடுதான் முழுசா முடிஞ்சிருக்கு? உன் வீட்டுக் கொல்லைக்கதவு ஒழுங்கா மூடுதா?

— அதை விடுங்க.

— இந்தா பாரு, ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டைச் சோதிக்க வந்த பொண்ணு ஒரு கையால அசைச்சுப் பாத்தா. 'பக்கவாதம் வந்தவர் இதை நம்பித்தான் மாடி ஏறணும், இது ஆடுற வரைக்கும் அனுப்ப மாட்டோம்'னுட்டா. படுக்கை, குளியலறை எல்லாம் மேலதானே? வேற யாரைக் கூப்பிடுவேன்?

— ஊர்ல வேற தச்சனே இல்லையா?

— தச்சன் நெறைய பேரு இருக்கான். என் வீட்டுக்காரர் க்ளைவுக்குத் தம்பி நீ ஒருத்தன்தான்.

— தூணோட சேத்து ரசமட்டத்தை வைங்க. குமிழி நடுவுல நிக்குதா?

— நிக்குது.

— பக்கவாட்டுலயும் வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பாத்துட்டு நம்பக் கூடாது.

— வாசப் பக்கம் கொஞ்சம் சாயுது... ஆங், இப்ப சரி.

— அப்படியே பிடிங்க. தரையைத் தாங்குற ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல குறுக்குக் கட்டை அடிச்சு, பசையும் போட்டிருக்கேன். தூணுக்குள்ளேர்ந்து வர்ற கம்பி அந்தக் கட்டையைத் துளைச்சு இறங்குது. கீழேர்ந்து நட்டு போட்டு முறுக்கிட்டா மாடு முட்டினாலும் அசையாது.

— இத்தனை வருஷம் ஏன் மெர்வ் இந்த வாசப்படி ஏறல நீ?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. அம்மாவை வாட்டில்பேங்க் முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டாரே! நான் வச்சுக்கறேன்னேன். 'ஒண்டிக்கட்டை நீ, வேலைக்குப் போனா யாரு பாப்பா?'ன்னாரு. அம்மா அங்க வர்ற கார் எல்லாம் எங்க காருன்னு எட்டி எட்டிப் பாத்தே போய்ச் சேந்துட்டா.

— அவருக்கும் அது முள்ளாத்தான் குத்திச்சு.

— சொன்னாரா?

— உங்க வீட்டு ஆம்பளைங்க எவன் வாயைத் தொறந்து எதைச் சொல்லியிருக்கான்?

— போன் அடிக்குது பாருங்க. இப்ப தூண் தானா நிக்கும், போய் எடுங்க.

— இரு, வந்துட்டேன்.

— அண்ணி? வந்துட்டீங்களா? யாரு போன்ல?

— ஆஸ்பத்திரி.

— எப்ப அனுப்புறாங்களாம்?

— நீ முறுக்கி முடி மெர்வ்.

— தூண் தயார்னு சொல்லிட்டீங்கல்ல? நான் ஒண்ணு நெனச்சேன். அண்ணன் வர்ற அன்னிக்கு...

— என்ன சொன்னே?

— அண்ணன்னேன். ஏன், சொல்லக் கூடாதா? அவன் ஏறும்போது நான் ஒரு படி கீழ நின்னுக்கறேன். விழுந்தா என் மேல விழட்டும். தெனம் காலைல வந்து இறக்கி உக்கார வச்சுட்டு நான் வேலைக்குப் போறேன். அம்மாவுக்குத்தான் குடுத்து வைக்கல. அவனாவது சொந்த வீட்டுல கெடக்கட்டும்.

— மெர்வ்...

— அழாதீங்க, இங்க எனக்கே தூசி கண்ணுல விழுது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருக்கேன். மூஞ்சியைப் பாத்ததும் திட்டுவானோ?

— திட்டப் பேச்சு ஏது அவருக்கு? ஒண்ணு ரெண்டு வார்த்தை வருது. அதுவும் வாய் கோணிக் கோணி.

— அந்தச் சிப்பிக்கறி அடைச்ச ஸ்காலப் பை வாங்கிட்டுப் போனா விழுங்குவானா? ரொம்பப் புடிக்கும்.

— மசிச்சுக் குடுத்தா விழுங்குவாரு.

— அப்ப நானே மசிச்சுக் குடுக்கறேன். ஆச்சு, இதான் கடைசி முறுக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிய வர்றேன்... ம், இப்ப தள்ளுங்க. அப்படி இல்ல, பலம் அத்தனையும் போட்டு. அண்ணன் கனமான ஆளு.

— அசையல.

— அப்புறம் எதுக்கு இந்த அழுகை? படியில உக்காருங்க. போன்ல என்னதான் சொன்னாங்க?

— நீ அண்ணன் அண்ணன்னு பேசிட்டே போனியா, குறுக்க சொல்ல வாய் வரல.

— இப்ப சொல்லுங்க.

— வீட்டுக்குப் போலாமான்னு கேட்டா மாட்டேன்னு தலையை ஆட்டுறாராம்... 'வாட்டில்பேங்க்'னு அந்த ஒரு வார்த்தையையே சொல்றாராம். அம்மாவை விட்ட எடத்துலயே தன்னையும் கொண்டுபோய் விடணுமாம்டா.