நெட்டுக்கோட்டு அறை

கோடு போட்ட சட்டைதான் எனக்கு எப்போதும் பிடிக்கும், மேடம். காவல் நிலையத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், தவறாக நினைக்காதீர்கள்.

பார்வையை ஆராய்வது என் வேலை. கண் பார்ப்பதை மூளையின் பின்பக்கத்துச் செல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு செல்லுக்கு மேலிருந்து கீழாக ஓடும் நெட்டுக்கோடு என்றால் உயிர்; குறுக்குக்கோட்டைக் காட்டினால் சும்மா கிடக்கும். பக்கத்துச் செல்லுக்கு நேர்மாறு. பிறந்த புதிதில் குறுக்குக்கோட்டையே காணாத பூனைக்குட்டி, பிறகு அதைப் பார்க்கத் தடுமாறும். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எந்த ஆய்விதழுக்கு அனுப்பினாலும் ஒரே கேள்வி: “பூனைக்குச் சரி சார், மனுஷனுக்கு?” வயிறு எரியும். மனிதனுக்கு நான் எங்கே போவேன்?

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். மகள் பிழைத்துக்கொண்டாள்.

விடுப்பு போட்டு நானே வளர்த்தேன். தொற்று வரும் என்று சொல்லிச் சொந்தக்காரர்களை அண்டவிடவில்லை. வேளாவேளைக்குப் பால், வெதுவெதுப்பான அறை, ஒரு குறையும் வைக்கவில்லை. சுவர், திரை, என் சட்டை எல்லாம் நெட்டுக்கோடு. படுத்தால் அந்தக் கோடே கண்ணுக்குக் குறுக்காகிவிடும் அல்லவா? அதனால் விளக்கு எரியும்போதெல்லாம் நாற்காலியில் நிமிர்த்தி, தலை சாயாமல் பட்டை கட்டினேன். மெத்தென்ற பட்டைதான். குறுக்கே நீளும் தன் கைகால் தெரியாதபடி கழுத்தைச் சுற்றி அகலமான அட்டை. படுக்க வைத்தால் விளக்கை அணைத்துவிடுவேன்.

நடக்கத் தொடங்கியதும் பட்டையை அவிழ்த்து நிற்கவிட்டு, ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடித்தேன். சிரித்துக்கொண்டே தொட வந்தாள். குறுக்கே பிடித்தேன், அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் வந்து நெற்றியில் இடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடியும் குறுக்கே பிடித்தேன்.

இன்னும் கொஞ்ச நாள் போதும், எல்லாருடைய வாயையும் அடைத்திருப்பேன். நான் பால்பவுடர் வாங்கப் போன நேரம் பார்த்து மச்சினி வந்து கதவை உடைத்துவிட்டாள். திரும்பி வந்தால், கூடத்து வெளிச்சத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, முகவாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க மாமா? படி இருக்கறதே தெரியாம உருண்டு விழுந்துட்டா புள்ள!”

“முதல்ல அவளை நிமித்திப் புடி” என்றேன்.

அவள் உங்களுக்குப் போன் செய்தாள்.

எல்லாம் செய்தது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்த அறையில் இருந்தவரை என் மகள் ஒருநாளும் படியில் விழுந்ததில்லை. வெளிச்சத்தில் மடியில் சாய்த்துக் கொஞ்சி, குழந்தையைப் பாழாக்கியது அவள் சித்திதான்.